அரசன் கன்னத்துக் கோடு

நிழலம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், தன் மேசைப் பக்கம் யார் வந்தாலும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தேநீர் கொண்டு வந்தவரிடம் சொன்னாள், கையெழுத்து வாங்க வந்தவரிடம் சொன்னாள், ஒருநாள் முதலாளியிடமே சொல்லிவிட்டாள். முதலாளி மறுபேச்சில்லாமல் இரண்டடி பின்னால் போய் நின்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. நாற்பத்தொரு வயதில் புதுப்பெயர் கிடைத்ததில் அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வாள்.

பழைய தங்கக் காசுகளைப் பார்த்து, அவை என்ன நிலையில் இருக்கின்றன என்று எழுதிக் கொடுக்கும் அலுவலகம் அது. சேகரிக்கிறவர்களும், பெட்டியைத் துழாவும்போது கையில் அகப்பட்டதென்று கொண்டு வருகிறவர்களும் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எடை பார்த்து, விட்டம் அளந்து, அசலா போலியா என்று தீர்த்து, கடைசியில் எழுபதுக்கு இத்தனை என்று ஓர் எண் போட்டு, கண்ணாடி மாதிரித் தெளிவான பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். மூடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் படம் எடுக்க வேண்டும். அதுதான் நிழலம்மாவின் வேலை.

அவளுடைய அறை கட்டில் ஒன்று போட்டால் நிறைந்துவிடும் அளவுதான். சுவரெல்லாம் கறுப்பு. ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. நடுவில் ஒரு தாங்கி, அதில் தலைகீழாகக் குனிந்து பார்க்கிற கேமரா, இரண்டு பக்கமும் கழுத்தை வளைக்கக்கூடிய விளக்குகள். அவளும் கறுப்பாகத்தான் உடுத்துவாள். தங்கம் பொல்லாதது, பக்கத்தில் இருப்பதையெல்லாம் வாங்கித் தன் முகத்தில் போட்டுக்கொள்ளும். சேர்ந்த புதிதில் ஒருநாள் சிவப்புச் சட்டை போட்டு வந்து, எடுத்த அத்தனை காசும் வெட்கப்பட்ட மாதிரி சிவந்துபோய், முழு நாள் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் அவள் எடுத்ததெல்லாம் நசுங்கிய வண்டிகளின் படம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, மோதிய கார், உரசிய வேன், கதவு பிய்ந்த லாரி என்று ஊரில் எங்கே எது அடிபட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் கீறல் என்றால் என்ன என்று அவள் கண் தானாகவே படித்துக்கொண்டது. புதுக் கீறல் பளபளக்கும், அதன் ஓரத்தில் உலோகம் சற்றே மேலெழும்பி நிற்கும், விரலால் தடவினால் சுருக்கென்று பிடிக்கும். பழைய கீறலில் அழுக்கு குடியேறியிருக்கும்.

ஒரு தடவை காய்கறி வியாபாரி ஒருவருடைய வேனைப் படமெடுத்தாள். அடி புதிது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பார்வையிட வந்த அதிகாரி 'பழைய சேதம்' என்று எழுதினார். அவள் வாயைத் திறக்கவில்லை. படம் எடுப்பதுதான் என் வேலை, தீர்ப்பு சொல்வது என் வேலையா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். ஆறு மாதம் கழித்து அந்த வியாபாரி கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகப் போவதைப் பார்த்தாள். அவர் அவளை அடையாளம் கண்டு, பழக்கமானவளைப் பார்த்த மாதிரி தலையசைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அதற்குப் பிறகு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. வண்டிக்காரர்களே கைபேசியில் படமெடுத்து அனுப்பலாம் என்று நிறுவனம் சொன்னபோது, தொல்லை விட்டது என்று வெளியே வந்தாள்.

காசு வேறு உலகமாக இருந்தது. முதல் காசைக் கேமராவில் பார்த்த அன்று அவள் சாப்பிடவே மறந்துபோனாள். வெறும் கண்ணுக்குக் கட்டைவிரல் நக அளவு. திரையில் விரிந்தால் வயல்வெளி போல் கிடந்தது. அரசியின் தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனி வாய்க்காலாக ஓடியது. விளக்கை ஓர் அங்குலம் நகர்த்தினால் மேடு பள்ளமாகியது, பள்ளம் மேடாகியது. காசைச் சாய்த்துத் திருப்பினால் அதன் மேல் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி வந்தது. அச்சு அடித்த அன்றைக்கு உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடியதன் தடம் அது. ஒரு தடவை துணியால் துடைத்தாலே போய்விடும், திரும்ப வரவே வராது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர். நான்கு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு எதுவும் லேசில் ஆச்சரியமாக இருக்காது. "அப்படியா" என்று கேட்டுவிட்டு உப்பை நகர்த்தச் சொன்னார்.

காசுகளுக்கு எண் போடுகிறவரை எல்லோரும் எழுபது சார் என்பார்கள். நேரில் அல்ல, முதுகுக்குப் பின்னால். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு காசுக்குக்கூட அவர் எழுபது போட்டதில்லை என்பதால் வந்த பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுகிற ஆள். ஆனால் நேர்மை என்றால் நேர்மை. முதலாளியின் மைத்துனர் கொண்டு வந்த காசுக்கே 'துடைக்கப்பட்டது' என்று எழுதி, ஒரு மாதம் முதலாளியின் முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்தவர். அவருக்கும் நிழலம்மாவுக்கும் பேச்சு குறைவு. இரண்டு அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சிறு திறப்பு. அவர் தட்டை அந்தப் பக்கமிருந்து தள்ளுவார், இவள் இந்தப் பக்கம் வாங்குவாள்.

அந்தத் திறப்பின் வழியாகத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் காசும் வந்தது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய அரசன் முகம், மறுபக்கம் ஒரு மரம். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. முகத்தில் கன்னத்துக்குக் குறுக்கே, தாடையிலிருந்து காதை நோக்கி ஒரு கோடு. எழுபது சார் தன் குறிப்பில் 'கன்னத்தில் கீறல், சேதமுற்றது, எண் கிடையாது' என்று பென்சிலால் எழுதியிருந்தார். அலுவலகத்தில் முதலில் பென்சில், படம் வந்த பிறகுதான் பேனா.

கூடவே உரிமையாளர் நிரப்பிய படிவம். நிழலம்மா பொதுவாகப் படிவத்தைப் படிப்பதில்லை, எண்ணை மட்டும் பார்த்துப் பதிவு செய்வாள். அன்றைக்குக் கண் தானாகப் போனது. தொழில் என்ற இடத்தில் 'கப்பல் சமையல்காரர், ஓய்வு' என்று இருந்தது. சேதம் ஏதும் இருந்தால் குறிப்பிடவும் என்று அச்சிட்ட இடத்தில் பெரும்பாலோர் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'முகத்தில் கீறல் உண்டு. நான் போட்டது. எனக்கு அப்போது வயது ஆறு.'

அதை இன்னொரு தடவை படித்துவிட்டுப் படிவத்தை ஓரமாக வைத்தாள்.

படமெடுக்கத் தொடங்கினாள். கீறலைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் கீறலின் இரண்டு கரையும் எழும்பி நிற்பது தெரியும். தாழ்த்தினாள். கோடு தெரிந்தது. கரை எழும்பவில்லை. காசைக் கால்வாசி திருப்பினாள். அப்போதும் இல்லை. முழுச் சுற்று திருப்பினாள். ஒரு பக்கமும் உலோகம் பிதுங்கவில்லை. ஆணியோ கத்தியோ கிழித்திருந்தால் கிழித்த தங்கம் எங்கேயாவது ஒதுங்கித்தானே ஆக வேண்டும்? கடப்பாரையால் தோண்டினால் மண் ஓரத்தில் குவியாமல் இருக்குமா?

லென்ஸை மாற்றி இன்னும் நெருங்கினாள். கோட்டின் பெரும்பகுதியில் கறுப்பாகப் பழைய பிசுக்கு அடைந்து கிடந்தது. ஆனால் காதோரம் ஓரிடத்தில் மட்டும் பிசுக்கு உதிர்ந்து, அடித்தளம் வெளியே தெரிந்தது. அங்கே சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழை அளவு வரிகள். கயிற்றின் மேல் தெரியுமே, முறுக்கு, அதே மாதிரி.

அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். படம் எடுக்கிறவள் கருத்துச் சொல்லக்கூடாது என்பது அலுவலகத்தின் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தோடு சேர்ந்து கூடை சுமந்து போன காய்கறி வியாபாரியும் கண் முன்னால் வந்து நின்றார். போதும், ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பட்டது போதும் என்று திறப்பின் பக்கம் குனிந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் இங்க வர முடியுமா? இது கீறல் இல்லன்னு நினைக்கிறேன்."

அந்தப் பக்கம் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக எழுபது சார் அவளுடைய இருட்டறைக்குள் வந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. அவள் விளக்கத்துக்கெல்லாம் போகவில்லை. திரையைக் காட்டிவிட்டு விலகி நின்றாள். அவர் பார்த்தார். தானே விளக்கைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்தார். தன் பூதக்கண்ணாடியை எடுத்துக் காசை நேரிலும் பார்த்தார். "பிசுக்கு இருந்ததால நான் பார்க்கலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: அச்சு அடிக்கிறவன் அச்சைத் துணியால் துடைத்திருப்பான், துணியிலிருந்து ஓர் இழை பிரிந்து அச்சின் மேல் கிடந்திருக்கும், அது தெரியாமல் அடித்திருந்தால் இழை தங்கத்துக்குள் புதைந்து தன் தடத்தை விட்டிருக்கும். அப்படி நடப்பதுண்டு. அதைச் சேதம் என்று எழுதுவது தவறு. ஆனால் மூன்று வரியைப் பார்த்துவிட்டு முடிவு கட்ட அவர் ஆளில்லை. பிசுக்கைக் கரைத்துப் பார்க்க வேண்டும். அசிட்டோனில் மூழ்க வைத்து எடுத்தால் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, தேய்க்க வேண்டியதுமில்லை. அதற்கு உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொலைபேசியில் நிழலம்மாதான் பேசினாள். சமையல்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று அவர் கேட்டார். கோடு எப்படி வந்தது என்று சரியாகப் பார்க்க வேண்டும் என்றாள். அதைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, நான்தானே போட்டேன் என்றார். பிறகு அவராகவே கொட்டினார்.

காசு அவருடைய அப்பாவுடையது. அப்பாவுக்கு அவருடைய முதலாளி ஒருவர், முப்பது வருஷம் ஒரே இடத்தில் உழைத்ததற்காகக் கொடுத்தது. அலமாரியில் பஞ்சுக்குள் இருக்கும். ஆறு வயதில் இவர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விளையாடப் போயிருக்கிறார். பையில் இரண்டு ஆணியும் ஒரு பம்பரமும். சாயங்காலம் அப்பா காசை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கோடு தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் அத்தனை உன்னிப்பாகப் பார்த்தது உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. அடித்தார். அடி இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் "பார்த்து, கீறிடாதே" என்பார். கடிகாரம் கொடுத்தபோது சொன்னார், கப்பலில் முதல் வேலை கிடைத்தபோது பெட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார், வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

"நாற்பது வருஷம் கப்பல்ல சமைச்சேம்மா. ஒரு தட்டுல கீறல் விழுந்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்த்துடும்" என்றார். அப்புறம், "செய்யுங்க, என்ன வேணா செய்யுங்க" என்று வைத்துவிட்டார்.

நூல் என்று உறுதியாகாமல் அவரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று எழுபது சார் முன்பே கண்டித்துச் சொல்லியிருந்தார். நிழலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

காசு ஓர் இரவும் ஒரு பகலும் கண்ணாடிக் குவளையில் கிடந்தது. வெளியே எடுத்துக் காற்றில் உலர விட்டு, கேமராவுக்குக் கீழே வைத்தாள். இந்தத் தடவை ஒரு படம் போதாது. அத்தனை நெருக்கத்தில் ஒரு மயிரிழை ஆழம்தான் தெளிவாக விழும். அதனால் கேமராவை இம்மி இம்மியாக இறக்கி அறுபது படம் எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றாகச் சேர்த்தாள். சேர்ந்து முடிய பத்து நிமிடம். எழுபது சார் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நிழல் விழுகிறது என்று அவளும் சொல்லவில்லை.

படம் வந்தது.

திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தங்கத்தில் ஒரு நூல் கிடந்தது. நூல் இல்லை, நூல் இருந்த இடம். முறுக்கின் ஒவ்வொரு வரியையும் எண்ணிவிடலாம். நடுநடுவே பிசிறுகள், காற்றில் ஆடிக்கொண்டிருந்தவை அப்படியே உறைந்துபோன மாதிரி. சுற்றிலும் அரசனின் கன்னம் சற்றுத் தேய்ந்து மங்கியிருந்தது, எத்தனையோ விரல் பட்ட இடம். அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் புத்தம் புதிய மினுமினுப்பு. எந்த விரலும் அங்கே போக முடியவில்லை. அச்சு இறங்கிய நொடியில் தங்கம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

நிழலம்மா இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை அரசர்களை, அரசிகளை, கழுகுகளைப் பார்த்திருப்பாள். செய்தவனை ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் துடைத்த துணியின் ஓர் இழை இதோ, எதிரே.

எழுபது சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையையே பார்த்தால் கண் நீர் கட்டும் என்று காரணம் சொன்னார். பிறகு தொழில்காரராக மாறி, "நூல் மாதிரி இருக்குன்னு நாம ரெண்டு பேரும் சொல்றோம். நமக்கு நூலைப் பத்தி என்ன தெரியும்? நூல் தெரிஞ்சவங்க யாராவது சொல்லணும்" என்றார்.

நூல் தெரிந்தவர் நிழலம்மாவின் வீட்டிலேயே இருந்தார். கணவரின் அக்கா. அலுவலகத்துக்கு அடுத்த தெருவில், கிழிந்த துணியைக் கிழிந்த இடம் தெரியாமல் இழையோட்டித் தருகிற சிறு கடை வைத்திருந்தார். விலை உயர்ந்த கோட்டில் சிகரெட் ஓட்டை, பட்டுத்துணியில் எலிக் கடி, எதுவானாலும் அந்தத் துணியிலிருந்தே நூலை உருவி அங்கேயே நெய்து மூடிவிடுவார். முப்பது வருஷமாக அதே வேலை. நாத்தனார் என்று பெயர்தானே தவிர, நிழலம்மாவுக்கு அவரிடம் பயமும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. குழம்பில் புளி தூக்கல் என்று சொல்வதோடு சரி.

மதிய இடைவேளையில் போய் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கடைக்கதவைச் சாத்திக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வரும்போதே தன் பூதக்கண்ணாடியையும் பைக்குள் போட்டுக்கொண்டார். அலுவலகத்துக்கு ஒரு கண்ணாடி இல்லாமலா இருக்கும் என்று நிழலம்மா சொன்னதற்கு, "அடுத்தவங்க கண்ணாடியில எனக்குப் பார்வை ஓடாது" என்றார்.

எழுபது சார் வணக்கம் சொல்லி நாற்காலி போட்டார். நாத்தனார் உட்காரவில்லை. திரைக்கு முன்னால் போய், பெரிதாக்கிய படத்தின் மேல் இன்னும் தன் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எழுபது சாருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார்.

"பருத்தி" என்றார் முதலில். "ரெண்டு இழை சேர்த்து முறுக்கினது."

எழுபது சார் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"தையல் நூல் இல்ல. தையல் நூலா இருந்தா விழுந்த இடத்துல நேரா, இல்ல சுருண்டு கிடக்கும். இதைப் பாருங்க, ஒரே அளவுல நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. ஒரு நெளிவு மேல, ஒரு நெளிவு கீழ. துணிக்குள்ள இருந்த நூல்தான் இப்படி நிக்கும். வெளிய உருவினாலும் அந்தப் புத்தி போகாது." விரலால் எண்ணினார். "பதினொரு நெளிவு. அவ்வளவு தூரம் துணியில இருந்திருக்கு."

"பழசா, புதுசா?" என்று கேட்டாள் நிழலம்மா.

"நல்லாப் பழசு. இங்க ஒரு இழை இளைச்சுப் போயிருக்கு பாரு. பிசிறு இவ்வளவு இருக்கு. பல தடவை அலசிப் பிழிஞ்ச துணி. முதல்ல சட்டையா இருந்திருக்கும், இல்ல பாவாடையா. உடுத்த முடியாதுன்னு ஆன பிறகு வேலைக்குத் துடைக்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

நாத்தனார் கண்ணாடியைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அச்சடித்தவன் வீட்டில் ஒருவர் அந்தத் துணியை அலசியிருக்கிறார், காயப் போட்டிருக்கிறார், இது இனிமேல் வேலைக்குத்தான் ஆகும் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். யார் முகமும் தெரியாது, எந்த மொழி பேசினார்கள் என்பதும் தெரியாது. அவர்கள் வீட்டுத் துணி மட்டும் இந்த அறையில் மூன்று பேர் முன்னால் கிடக்கிறது. நிழலம்மாவுக்குக் கறுப்புச் சுவரெல்லாம் பின்னால் தள்ளிப்போய், அறை ஒரு மைதானம் அளவுக்குப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

எழுபது சார் தன் அறைக்குப் போனார். பென்சில் எழுத்தை அழிக்கும் சத்தம் திறப்பின் வழியாகக் கேட்டது. பேனாவால் எழுதினார்: 'அச்சடிக்கையில் துணி நூல் பதிந்தது. சேதம் அல்ல. ஐம்பத்தெட்டு.' அவர் கையால் ஐம்பத்தெட்டு என்பது மற்றவர்கள் கையால் அறுபதுக்குச் சமம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தட்டைத் தள்ளும்போது, "வாயைத் திறந்து சொன்னீங்களே, நல்லது" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சமையல்காரர் வந்தார். கப்பல்காரர் என்றதும் நிழலம்மா ஆஜானுபாகுவான ஆளை எதிர்பார்த்திருந்தாள். வந்தவர் ஒல்லியாக, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, கூச்சத்தோடு நின்றார். கூடவே அவருடைய அக்கா. எண்பதை நெருங்கியவர், தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறி வந்திருந்தார். காசு இத்தனை நாளும் அக்காவிடம்தான் இருந்ததாம். வீட்டை மாற்றும்போது எடுத்து, இதை என்னவென்று பார்த்துவிடலாம் என்று தம்பியிடம் கொடுத்திருக்கிறார்.

சொல்ல வேண்டியதை எழுபது சார்தான் சொல்ல வேண்டும், அது அலுவலக முறை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அச்சு, அழுத்தம், உலோக ஓட்டம் என்று முறையாகத் தொடங்கினார். சமையல்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார், ஒன்றும் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எழுபது சார் தடுமாறி நிழலம்மாவைப் பார்த்தார்.

அவள் கிட்டே போய், சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஐயா, அந்தக் கோடு நீங்க போட்டது இல்ல. காசு பிறக்கும்போதே இருந்தது. நீங்க பிறக்கறதுக்கு நூத்தி முப்பது வருஷம் முன்னாடியே."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று அவள் திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கை காட்டினார்.

திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினாள். நூலைக் காட்டினாள், முறுக்கைக் காட்டினாள், நாத்தனார் சொன்ன பதினொரு நெளிவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவர் தன் விரலைத் திரைக்குக் கிட்டே கொண்டு போய், தொடாமல், அந்த நூல் போன வழியிலேயே தாடையிலிருந்து காதுவரை கொண்டு போனார். திரும்பவும் காதிலிருந்து தாடைவரை. அவருடைய உள்ளங்கை வேர்த்திருக்குமோ என்று நிழலம்மாவுக்கு ஓர் எண்ணம் ஓடியது.

அக்கா பின்னால் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இதைப் பார்க்காமலே போயிட்டாரேடா" என்றார்.

"பார்த்திருந்தா மட்டும் நம்பியிருப்பாரா" என்றார் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறு என்னவோ ஆகி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அவர் தலையில் கை வைத்தார். எழுபது வயது தாண்டிய வழுக்கைத் தலை, அந்தக் கை அதைச் சிறு பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரியே தடவியது. எழுபது சார் அலமாரியில் எதையோ தேடுகிற பாவனையில் திரும்பிக்கொண்டார்.

கொஞ்சம் தேறியதும் சமையல்காரர் கேட்டது வேறு. துணி நூல் மாட்டிக்கொண்டது அச்சடித்தவருக்குத் தெரிந்திருக்குமா, அதற்காக அவரை யாராவது திட்டியிருப்பார்களா என்று கேட்டார். எழுபது சார் அலமாரிப் பக்கமிருந்து திரும்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யோசித்து, தெரிந்திருக்காது என்றார். மேற்பார்வையாளர் கண்ணில் பட்டிருந்தால் அப்போதே உருக்கியிருப்பார்கள். காசு தப்பி வந்திருக்கிறதென்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"அப்ப சரி" என்றார் சமையல்காரர். பெரிய பாரம் இறங்கினவர் போல மூச்சு விட்டார்.

நூல் மட்டும் தெரிகிற படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று நிழலம்மா நல்ல தாளில் அச்சிட்டு, மை காயும்வரை விசிறிக் கொடுத்தாள். அவர் அதை மடிக்கவில்லை, சுருட்டவும் இல்லை. விருந்தில் தட்டைத் தூக்குகிற மாதிரி இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். அக்கா முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நன்றி சொல்லிவிட்டு, எழுபது சாருக்கு ஒரு தடவை, நிழலம்மாவுக்கு இரண்டு தடவை, மெதுவாகக் கிளம்பினார்கள்.

நிழலம்மா திரும்பி வந்து விளக்கை அணைக்கப் போனாள். மேசைமேல், பெட்டிக்குள், அரசன் முகம் மேலே பார்த்தபடி காசு கிடந்தது.

கறுப்பு உடையோடு அவள் மூன்று மாடிப் படியையும் ஒரே ஓட்டமாக இறங்கினாள். தெருவில் அவர்கள் இன்னும் வெகுதூரம் போயிருக்கவில்லை. நடைபாதையில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று, அக்காவுக்கு வெயிலில் படத்தைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார் தம்பி. எந்த நெளிவு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்ற நிழலம்மாவையும் அவள் நீட்டிய கையையும் பார்த்து, இது என்ன என்பது போல ஒரு கணம் விழித்தார்.

"ஓ, இது வேற இருக்குல்ல" என்று காசை வாங்கி, படத்தைப் பிடித்த கையை மாற்றாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.